மருந்து அடித்த வீட்டுக்கு எப்போது திரும்பலாம்?

கேள்வி: வீட்டில் கரப்பான் பூச்சிக்கு மருந்து அடிக்கப் போகிறார்கள். எனக்கு ரசாயன நெடி எதுவும் ஒத்துக்கொள்ளாது. நான்கு மணி நேரம் வெளியே இருந்தால் போதும் என்கிறார்கள். போதுமா?

உங்களுக்குப் போதாது. பெரும்பாலும் அது தெளித்த மருந்து உலர்வதற்கான நேரம். ஆஸ்துமா உள்ளவர்களையும் நெடி பட்டாலே தலைவலி வருபவர்களையும் மனத்தில் வைத்து யாரும் அதைக் கணக்கிடுவதில்லை.

என் தங்கைக்கு ஆஸ்துமா. 'வாசனையே இல்லாத மருந்து' என்று சொல்லி ஒரு முறை வீடு முழுக்க அடித்துவிட்டுப் போனார்கள். வாசனை இல்லைதான். ஆனால் சோபா திண்டில் கன்னத்தை வைத்துப் படுத்தவளுக்குச் சற்று நேரத்தில் எறும்பு ஊர்வதுபோல் முகம் குறுகுறுத்து எரியத் தொடங்கியது. இரவில் இன்ஹேலரைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் இந்த மருந்துகளைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன்.

இன்று வீடுகளில் தெளிப்பவை பெரும்பாலும் பைரித்ராய்டு வகை: பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்றவை. சாமந்தி இனப் பூ ஒன்றில் இயற்கையாக உள்ள பொருளைப் பார்த்துச் செயற்கையாக உருவாக்கியவை. பூச்சியின் நரம்பில் சோடியம் செல்லும் வாயிலை மூடவிடாமல் செய்து அதைக் கொல்கின்றன. மனித உடல் இவற்றை வேகமாகச் சிதைத்துவிடுவதால் கடும் நஞ்சேறுவது அரிது. ஆனால் தோலில் பட்டால் குறுகுறுப்பு வரும். ஆஸ்துமா இருந்தால் மூச்சிரைப்பு கிளம்பலாம். இவை எளிதில் ஆவியாவதும் இல்லை. நமக்கு அடிக்கும் நெடி பெரும்பாலும் மருந்தைக் கரைத்திருக்கும் எண்ணெயுடையது. ஆகவே நெடி போனதை வைத்து மருந்து போய்விட்டது என்று நம்பாதீர்கள். வெளியில் என்றால் வெயில் பட்டுச் சிதைந்துவிடும். வீட்டுக்குள் கம்பளத்திலும் மெத்தையிலும் தூசியிலும் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் தங்கும்.

அதனால் வருபவரிடம் 'பாதுகாப்பானதா?' என்று கேட்டுப் பயனில்லை. ஆமாம் என்றுதான் சொல்வார். மருந்தின் பெயர் என்ன, எந்த வடிவில், எங்கே வைப்பீர்கள் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். இதில் வடிவம்தான் முக்கியம். கரப்பானுக்கு ஸ்பிரேயே தேவையில்லை. கரப்பான் தின்று சாகும் பசைபோன்ற ஜெல் போதும். அலமாரிக் கீலின் இடுக்கில், சிங்க்கின் அடியில் மிளகளவு சொட்டுகளாக வைப்பார்கள். காற்றில் கலப்பது மிகச் சொற்பம். பலன் தெரியச் சில நாட்கள் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரே அடித்தால் கரப்பான் அதை நெருங்காமல் போகும். புகை மருந்துக்கு மட்டும் ஒப்புக்கொள்ளவே வேண்டாம். அது வீட்டிலுள்ள எல்லாப் பரப்பிலும் படியும், பூச்சி ஒளிந்திருக்கும் இடுக்குக்குள் சரியாகப் போகாது.

பூச்சியை அப்படியே விட்டுவிடுவதும் வழியல்ல. கரப்பானின் எச்சமும் உதிர்ந்த தோலும் ஆஸ்துமாவைத் தூண்டுபவை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். எல்லா ரசாயனமும் ஒத்துக்கொள்ளாத நிலையை மருத்துவ உலகம் இன்னும் தனி நோயாக ஏற்கவில்லை. எதைச் சுவாசிக்கிறோம் என்று சொல்லாமல் நடத்தும் கண்மறைப்புச் சோதனைகளில் பலரால் ரசாயனத்தையும் வெற்றுக் காற்றையும் பிரித்தறிய முடியவில்லை. ஆனாலும் படுகிற அவதி பொய்யாகிவிடாது. காரணம் எதுவானாலும், உங்கள் மேல் படும் மருந்தைக் குறைப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.

மூட்டைப்பூச்சிக்கு என்று யாராவது அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். ஈரக்காற்று பட்டதும் பாஸ்பீன் வாயு கிளம்பும். அந்த நஞ்சுக்கு முறிமருந்து கிடையாது. பக்கத்து அறையில் தூங்கியவர்கள்கூட இறந்திருக்கிறார்கள். மூட்டைப்பூச்சி ஏறிய துணிகளுக்குச் சூடான உலர்த்தியே போதும். 50 டிகிரிக்கு மேல் அதன் முட்டையும் தாங்காது.

ஸ்பிரேதான் என்று வீட்டார் பிடிவாதமாக இருந்தால், ஓரிரு நாட்களாவது வேறிடத்தில் தங்குங்கள். திரும்புவதற்கு முன் உங்களைத் தவிர வேறொருவர் ஜன்னல்களைத் திறந்துவைத்து, கைபடும் பரப்புகளை ஈரத்துணியால் துடைத்து, தலையணை உறைகளைத் துவைத்து வைக்கட்டும். மருந்து டப்பாவின் லேபிளைப் படமெடுத்துக் கைப்பேசியில் வைத்திருங்கள். மூச்சு இறுகினால் முதலில் வீட்டை விட்டு வெளியேறுங்கள்; மருத்துவமனையில் அந்தப் படத்தைக் காட்டுங்கள்.