நான்கு மணி ரயிலும் ஒரு பழைய படமும்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். இளமையில் பார்த்துச் சிரித்த 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' என்ற கறுப்பு-வெள்ளைப் படத்தைக் கல்லூரியில் படிக்கும் மகளுக்குப் போட்டுக் காட்டினேன். பாதிக்கு மேல் பார்த்தவள் எழுந்துவிட்டாள். "விவாகரத்தான மனைவியிடம் பொய்மேல் பொய் சொல்கிறான், அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவனை ஜெயிலில் தள்ளுகிறான். இதில் காதல் எங்கே இருக்கிறது அப்பா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. பழைய படம் என்றாலே அவளுக்கு வெறுத்துவிட்டதோ? மறுபடியும் பார்க்க வைக்க வழி உண்டா?

பதில்: வெறுத்தவர்கள் கேள்வி கேட்பதில்லை, கைப்பேசியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். உங்கள் மகள் படத்தைக் கவனித்துப் பார்த்திருக்கிறாள், அவள் சொன்ன குற்றச்சாட்டும் சரியானதே. கேரி கிராண்ட் நடித்த வால்டர் பர்ன்ஸ் என்ற பத்திரிகை ஆசிரியர் ஒரு பச்சைப் புளுகர். தன் முன்னாள் மனைவி ஹில்டியைக் கட்டிக்கொள்ளப் போகும் அப்பாவி புரூஸைத் திரும்பத் திரும்பப் போலீசில் மாட்டிவிடுவதோடு நில்லாமல், அவனுடைய தாயாரையே ஆள் வைத்துத் தூக்குகிறார். "அந்தக் காலத்துப் படம், அப்படித்தான் இருக்கும்" என்று சமாதானம் சொல்லாமல், இதை நீங்கள் முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். படமே அவரை நல்லவர் என்று எங்கும் சொல்லவில்லை.

காதல் எங்கே என்ற கேள்விக்கான விடை படத்தின் பிறப்பில் இருக்கிறது. இதன் மூலம் 1928-இல் பென் ஹெக்டும் சார்லஸ் மக்ஆர்தரும் எழுதிய மேடை நாடகம். அதில் ஹில்டி ஓர் ஆண் நிருபர். தன் சிறந்த நிருபரைக் கல்யாணத்துக்குப் பறிகொடுக்க மனமில்லாத ஆசிரியரின் கதை அது. 1940-இல் வெளிவந்த படத்துக்காக இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ் அந்த நிருபரைப் பெண்ணாக்கி, ஆசிரியரின் முன்னாள் மனைவியாகவும் ஆக்கினார். ஆகவே இங்கே காதல் வேலைக்குள் ஒளிந்திருக்கிறது. அதைக் காதல் வசனங்களில் தேடினால் அகப்படாது, பேச்சின் வேகத்தில்தான் தேட வேண்டும்.

ஹில்டியும் வால்டரும் சந்திக்கும் முதல் காட்சியை மட்டும் மகளோடு இன்னொரு முறை பாருங்கள். ஹில்டி சிகரெட் கேட்கிறாள்; வால்டர் எழுந்து வந்து கொடுக்காமல் வீசுகிறார், அவள் பிடித்துக்கொள்கிறாள். தீப்பெட்டியும் அப்படியே பறந்து வருகிறது. கோபம் தலைக்கேறி அவள் கைப்பையை அவர் தலையைக் குறிபார்த்து எறியும்போது, அவர் குனிந்து தப்பித்துவிட்டு, முன்பெல்லாம் உன் குறி இன்னும் நன்றாக இருக்குமே என்று குறைப்பட்டுக்கொள்கிறார். பல வருடம் சேர்ந்து ஆடிய இரண்டு ஆட்டக்காரர்களை நாம் பார்க்கிறோம். (இவ்வகைக் கிறுக்குத்தனமான காதல் நகைச்சுவைப் படங்களுக்கு 'ஸ்க்ரூபால்' என்ற பெயரே பேஸ்பால் ஆட்டத்திலிருந்து வந்தது, எதிர்பார்த்த திசைக்கு மாறாகத் திரும்பும் பந்து அது, நம் கிரிக்கெட்டின் கூக்ளி மாதிரி.) புரூஸோ அவளுக்குக் கதவைத் திறந்துவிடுகிறான், அவள் பேசி முடிக்கும்வரை காத்திருக்கிறான். மரியாதையான மனிதன்தான். ஆனால் அவனோடு பேசும்போது அவளுடைய வாக்கியங்கள் சாவகாசமாக நடக்கின்றன; வால்டரோடு பேசும்போது ஓடுகின்றன. புரூஸோடு அவன் ஊரான ஆல்பனிக்குப் போகவேண்டிய நான்கு மணி ரயிலை அவள் ஏன் தவறவிடுகிறாள் என்பது இந்த வித்தியாசத்திலேயே தெரிந்துவிடுகிறது.

உங்கள் மகளின் பார்வை வால்டர்மேல் நிலைத்துவிட்டது. அதை ஹில்டி பக்கம் திருப்பிவிடுங்கள். ஹில்டியாக நடித்த ரோசலிண்ட் ரஸ்ஸல் கோடு போட்ட கோட்டும் பாவாடையுமாகச் சிறை அதிகாரியைத் துரத்திக்கொண்டு ஓடி, பாய்ந்து அவர் காலைக் கட்டிப்பிடித்து வீழ்த்திச் செய்தி வாங்கும் காட்சி ஒன்று போதும். பத்திரிகையாளர் அறையில் ஆண் நிருபர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒரே விஷயம் அவள் எழுத்தின் தரம்.

அதே அறையில் படம் சட்டென்று சிரிப்பை நிறுத்தும் இடமும் உண்டு. தூக்குத் தண்டனைக் கைதிக்காகப் பரிந்து பேச வரும் மோலி என்ற பெண்ணை நிருபர்கள் குத்திக்காட்டிக் கேவலப்படுத்துகிறார்கள். ஹில்டி அவளை அணைத்து வெளியே கூட்டிப்போனபின், அத்தனை பேரும் வாயடைத்துப் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். இவ்வளவு இரைச்சலான படத்தில் அந்த மௌனம் கன்னத்தில் ஓர் அறைபோல விழுகிறது. பிறகு அந்தப் பெண் சன்னலிலிருந்து குதிப்பதையும், கதை அதைத் தாண்டி வேகமாக ஓடிவிடுவதையும் என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. மகளிடம் இதையும் மறைக்க வேண்டாம்.

இன்னொன்று, சப்டைட்டில். இருவர் ஒரே சமயத்தில் பேசும்போது கீழே ஒருவருடைய வரிதான் வரும். கண் அங்கேயே இருந்தால் நடிப்பு போய்விடும். வசனங்களின் தொடக்கத்திலும் முடிவிலும் தேவையில்லாத சில சொற்களைச் சேர்த்து, குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலும் பொருள் கெடாதபடி ஹாக்ஸ் அமைத்திருக்கிறார். எனவே ஒரு காட்சியைச் சப்டைட்டிலோடு பார்த்துவிட்டு, உடனே அது இல்லாமல் மீண்டும் பாருங்கள். காப்புரிமை புதுப்பிக்கப்படாமல் போனதால் இணையத்தில் மங்கலும் கரகரப்புமான பிரதிகளே மலிந்து கிடக்கின்றன. நீங்கள் போட்டது அவற்றில் ஒன்றாக இருந்தால், பாதி குற்றம் அந்தப் பிரதியினுடையது. சீரமைக்கப்பட்ட பிரதியைத் தேடி எடுங்கள். மொத்தமே ஒன்றரை மணி நேரப் படம்தான்.

முடிவுக் காட்சி வரும்போது நீங்கள் வாய் திறக்காதீர்கள். மறுமணம் முடிவாகி, தேனிலவுக்கு நயாகராவுக்குப் போகலாம் என்கிற வால்டர், ஆல்பனியில் வேலைநிறுத்தம் என்று தொலைபேசியில் கேட்டதும் வழியில் அங்கே இறங்கிச் செய்தி திரட்டத் திட்டமிடுகிறார்; பெட்டியோடு திணறும் ஹில்டியைப் பின்னால் விட்டுவிட்டு முன்னால் நடக்கிறார். அவள் ஜெயித்தாளா, தோற்றாளா என்பதை உங்கள் மகள் சொல்லட்டும்.