குழு லோன் கேள்வி பதில்: ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டுமா?

குழுக் கடன் கிளைகளில் தணிக்கை வேலை பார்த்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

விழுப்புரம் வாசகி: குழுவில் ஐந்து பேர். ஒரு அக்கா மூன்று வாரமாக சென்டர் மீட்டிங்குக்கு (தவணை கட்டக் கூடும் கூட்டம்) வரவில்லை. அவர் தவணையையும் நாங்கள் போடும்வரை எழுந்திருக்கக் கூடாது என்கிறார் வசூலுக்கு வரும் தம்பி. இரவு எட்டு மணிகூட ஆகிறது. இது சரியா?

தப்பு. உங்களை உட்கார வைக்க அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. ரிசர்வ் வங்கியின் நுண்கடன் விதிகளின்படி காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பிறகோ கூப்பிடக் கூடாது. மிரட்டக் கூடாது, திட்டக் கூடாது, உறவினரையோ தோழிகளையோ தொந்தரவு செய்யக் கூடாது. குறித்த இடத்துக்குத் தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ வராதவரின் வீட்டுக்கு வசூலுக்குப் போகலாம். அந்த அக்கா மூன்று வாரம் வரவில்லை என்றால் அவர் வீட்டுக்குப் போய் மரியாதையாகக் கேட்கட்டும்.

நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் கூட்டுப் பொறுப்பு, அதாவது ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை, இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் அதைக் கேட்க முறை உண்டு. நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க ரிசர்வ் வங்கியின் தொலைபேசி எண் 14448.

கோவை, பொருளியல் மாணவர்: அடமானம் இல்லாத கடன் எப்படித் திரும்பி வருகிறது? ஒருவரை ஒருவர் கண்காணிப்பதாலா?

நல்ல கேள்வி. வங்கி மேலாளருக்குத் தெரியாதது பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியும். யார் வாங்கிய பணத்தில் மாடு வாங்கினார், யார் வீட்டில் பணம் குடியில் போகிறது என்பதெல்லாம் தெருவுக்கே தெரியும். பொருளியலாளர் ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் 1990-இல் எழுதிய கட்டுரை இந்தக் கண்காணிப்பைத்தான் கணக்காகக் காட்டியது. வங்கதேசத்தில் முகமது யூனுஸ் 1976-இல் ஜோப்ரா கிராமத்தில் தொடங்கியது பிறகு கிராமீன் வங்கி ஆனபோதும் முறை இதுதான்: ஐந்து பேர் குழு, முதலில் இரண்டு பேருக்குக் கடன். அவர்கள் ஒழுங்காகக் கட்டினால்தான் அடுத்தவர்களுக்கு.

ஆனால் இதன் உயிர், கடனுக்கு முன்பே நடக்கும் தேர்வில் இருக்கிறது. யாரோடு சேரலாம் என்று பெண்கள் தாங்களே முடிவு செய்ய வேண்டும். இன்று பல இடங்களில் ஒரே மதியத்தில் ஐந்து ஆதார் அட்டையைச் சேர்த்துக் குழு என்கிறார்கள். ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் எதைக் கண்காணிப்பது? மிஞ்சுவது நெருக்கடி மட்டும்தான்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்: ஏட்டுப் பேச்சு. கூட்டுப் பொறுப்பை எடுத்துவிட்டால் ஒருவரும் கட்ட மாட்டார்கள்.

இல்லை ஐயா. பிலிப்பைன்ஸில் கிரீன் பேங்க் ஆஃப் காரகா என்ற வங்கியில் பொருளியலாளர்கள் சேவியர் ஜினேயும் டீன் கார்லனும் சோதித்தார்கள். சில சென்டர்களில் கூட்டுப் பொறுப்பை நீக்கினார்கள், கூட்டம் மட்டும் வழக்கம்போல் நடந்தது. கடன் தவறுவது கூடவில்லை. கிராமீனே 2000-களின் தொடக்கத்தில் கூட்டுப் பொறுப்பிலிருந்து விலகியது.

அவரே: பிலிப்பைன்ஸ் இருக்கட்டும். ஆந்திராவில் 2010-இல் என்ன ஆயிற்று?

அங்கே குழுக் கடன்தானே ஓடியது? கூட்டுப் பொறுப்பு காப்பாற்றவில்லையே! ஒரே வீட்டுக்கு நாலைந்து நிறுவனங்கள் கொடுத்தன. அந்த வீடு தாங்காது என்று குழுவுக்குத் தெரியும், யாரும் குழுவைக் கேட்கவில்லை. தற்கொலைகள் நடந்தன, அக்டோபரில் அவசரச் சட்டம் வந்தது, வசூல் நின்றது.

கொல்கத்தா ஆய்வு ஒன்றையும் பாருங்கள். அங்கே தனிப் பொறுப்பில்தான் கடன். முதல் கடனில் மாதம் ஒருமுறை கூடியவர்களைவிட வாரம் ஒருமுறை கூடியவர்கள் அடுத்த கடனில் குறைவாகத் தவறினார்கள். அடிக்கடி பார்த்துப் பழகிய உறவு செய்த வேலை அது. அதைத்தான் வசூல் நெருக்கடி அறுக்கிறது. கூட்டத்தில் அவமானப்பட்ட பெண் அடுத்த வாரம் வருவாரா?

சேலம் வாசகி: பக்கத்து வீட்டு அக்கா என் பேரில் லோன் எடுத்துத் தரச் சொல்கிறார். தவணையை அவரே கட்டுவாராம்.

வேண்டாம். கடன் உங்கள் பெயரில், சிபிலும் (கடனை ஒழுங்காகக் கட்டினீர்களா என்ற பதிவு) உங்கள் பெயரில். நான் தணிக்கையில் பார்த்த உடைந்த குழுக்களில் பலவற்றின் அடியில் இதுதான் இருந்தது.

மட்டக்களப்பு வாசகர்: இலங்கையில் நுண்கடன் வட்டிக்கு உச்சவரம்பு உண்டா?

இலங்கைச் சட்டம் என் துறை இல்லை. அங்குள்ள சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேளுங்கள்.

தர்மபுரி வாசகி: மகளிர் சுய உதவிக் குழுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. உங்கள் மாவட்டத்தில் 1989-இல் தொடங்கிய முறையில் குழு முதலில் தன் சேமிப்பைச் சேர்க்கும், அதிலிருந்து உள்கடன் கொடுக்கும், அப்புறம்தான் வங்கிக்குப் போகும். யாருக்கு எவ்வளவு என்பது குழுவின் முடிவு. இரண்டில் ஒன்று என்றால் நான் சுய உதவிக் குழுவைத்தான் சொல்வேன்.

திண்டுக்கல் வாசகர்: என் மனைவி பேரில் லோன் எடுத்து மச்சானுக்குக் கொடுக்கலாமா?

சேலம் வாசகிக்குச் சொன்னதுதான். வேண்டாம்.

கடலூர் வாசகி: தோழிக்காக என் பேரில்...

வேண்டாம் அம்மா. இந்தக் கேள்விக்கு இனி பதில் இல்லை.

திருச்சி வாசகி: ஏற்கெனவே மூன்று லோன். நான்காவது வாங்கலாமா?

உங்கள் வீட்டு மாத வருமானத்தை எழுதுங்கள். எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து அதில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. வருமானம் 20,000 என்றால் தவணை மொத்தம் 10,000-க்குள். மூன்று லோனிலேயே அது நிறைந்துவிட்டால், ஏஜெண்ட் எவ்வளவு வற்புறுத்தினாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.