ஒன்றரை வயதுக்கு ஞாபகசக்தி டானிக்கா?

கேள்வி: என் மகளுக்கு ஒன்றரை வயது. பத்துப் பன்னிரண்டு சொற்கள் பேசுகிறாள். அதே வயதுள்ள உறவினர் குழந்தை, அட்டைகளைப் பார்த்து விலங்குகளின் பெயர்களைக் கடகடவென்று சொல்கிறான். 'அறிவு வளர்க்கும்' வீடியோக்களைத் தினமும் ஒரு மணி நேரம் காட்டிவருகிறேன். ஞாபகசக்திக்கு டானிக்கும் தொடங்கலாமா?

பதில்: டானிக் வேண்டாம். வீடியோவையும் நிறுத்திவிடுங்கள்.

ஒன்றரை வயதில் பத்துச் சொற்கள் என்பது கவலைப்பட வேண்டிய அளவே இல்லை. அட்டையைக் காட்டியதும் பெயர் சொல்வது பழக்கத்தால் வருவது; அதை வைத்து அறிவை அளக்க முடியாது. நான் கேட்க விரும்புவது வேறு. பறவையைக் கண்டதும் விரலை நீட்டிக் காட்டிவிட்டு, நீங்களும் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறாளா? "செருப்பை எடுத்து வா" என்றால் போய் எடுத்து வருகிறாளா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் உறவினர் வீட்டு அட்டைகளை மறந்துவிடலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரண்டு வயதுக்கு முன் திரையின் முன் உட்காரவைப்பது பரிந்துரைக்கப்படவில்லை. இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. எதிரே ஒருவர் செய்துகாட்டினால் உடனே கற்றுக்கொள்ளும் குழந்தை, அதையே திரையில் பார்க்கும்போது அவ்வளவாகக் கற்பதில்லை. அவள் 'பா' என்றால் வீடியோ நின்று பதில் சொல்லாது. அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வயதில் மொழியும் சிந்தனையும் வளர்கின்றன. (மேல்நாட்டு இசை கேட்டால் மூளை வளரும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது தெரியுமா? 1993இல் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஒரு சோதனையிலிருந்து! அவர்களுக்குக் கிடைத்த பலனும் கால் மணி நேரம்கூட நீடிக்கவில்லை.)

ஆகவே பேசுங்கள். குளிப்பாட்டும்போது, உடை மாற்றும்போது, துணி மடிக்கும்போது பேசுங்கள். அவள் "பந்து" என்றால், "ஆமாம், சிவப்புப் பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டுவிட்டது" என்று நீட்டிச் சொல்லுங்கள். பெற்றோர் பலர் தவறவிடுவது அடுத்த படியை: கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பதில்லை. மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பதில் ஒரு முனகலாக இருந்தாலும் பதில்தான். படப் புத்தகத்தில் அவளே பக்கம் புரட்டட்டும். ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். அடுத்து வரப்போவதை ஊகிக்கப் பழகுகிறாள். வீட்டில் இரண்டு மொழிகள் பேசினால் இரண்டிலும் பேசலாம், அதனால் பேச்சு கெடாது.

தூக்கம் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் இருக்க வேண்டும். டானிக்குக்கு ஒதுக்கிய அக்கறையை இரும்புச்சத்தின் பக்கம் திருப்புங்கள். இந்த வயதில் இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. வெளிறிப்போயிருந்தாலோ, சரியாகச் சாப்பிடாவிட்டாலோ, பால் மட்டுமே குடித்தாலோ ரத்தப் பரிசோதனை செய்து, தேவையென்றால் மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும் இரும்புச்சத்து மருந்து கொடுங்கள்.

இரண்டு வயதாகியும் "அம்மா வா" போல இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை என்றால் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். பேசிய சொற்களை மறந்தாலோ, பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாவிட்டாலோ அதுவரை காத்திருக்காமல் உடனே போங்கள். காது நன்றாகக் கேட்கிறதா என்ற பரிசோதனையை முதலில் கேட்டு வாங்குங்கள்.