அம்மாவின் ரத்தம் வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் போகலாமா?

கேள்வி: என் அம்மாவுக்குச் சர்க்கரை நோய். ஆய்வுக்காக ரத்தம் கேட்கிறார்கள். மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்பலாம், பிற்கால ஆய்வுகளுக்கும் பயன்படுத்தலாம் என்று படிவத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா? பிறகு மனம் மாறினால்?
– வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: முடிவு அம்மாவுடையது, கையெழுத்தும் அவர்தான் போட வேண்டும். படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாகப் படிக்கட்டும். ஆங்கிலம் புரியாவிட்டால், புரிகிற மொழியில் விளக்கச் சொல்லுங்கள். மறுத்தாலும் சிகிச்சையில் குறை வைக்கக் கூடாது.

தென்னாப்பிரிக்காவிலிருந்து மாதிரி வெளியே போக, பதிவுபெற்ற நெறிமுறைக் குழுவின் (ஆய்வு முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் குழு) ஒப்புதல், சுகாதாரத் துறையின் ஏற்றுமதி அனுமதி, அனுப்புகிறவரும் பெறுகிறவரும் செய்துகொள்ளும் மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தம் ஆகிய மூன்றும் வேண்டும். அந்த ஒப்பந்தத்தின் வடிவத்தை அரசே 2018 ஜூலையில் அரசிதழில் வெளியிட்டது. அதன்படி, மாதிரி அழிக்கப்படும்வரை கொடுத்தவரே அதன் உரிமையாளர். ஆதாயத்தில் பங்கு உண்டா என்பதை அனுப்புவதற்கு முன்பே பேசியாக வேண்டும்.

சிக்கல் பெரும்பாலும் 'பிற்கால ஆய்வு' என்ற வரியில்தான் வரும். 'சர்க்கரை நோய் தொடர்பான ஆய்வுகளுக்கு, நெறிமுறைக் குழு அனுமதித்தால்' என்றிருந்தால் எல்லை தெரிகிறது. 'எந்த ஆய்வுக்கும்' என்றிருந்தால் சம்மதிக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. நல்ல படிவத்தில் இந்த ஆய்வு, சேமிப்பு, வெளிநாடு, மரபணுச் சோதனை ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம் இருக்கும். வேண்டியதற்கு மட்டும் குறியிடலாம். மரபணு விவரம் அம்மாவோடு நிற்பதில்லை, உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் பற்றியும் சொல்லும். அதனால் அந்தக் கட்டத்தைக் குடும்பத்தோடு பேசிவிட்டுக் குறியிடுங்கள்.

மனம் மாறினால் காரணம் சொல்லாமலே விலகலாம். ஆனால் மாதிரியைத் தேடி எடுக்க, பெயரையும் மாதிரி இருக்கும் குழாயின் எண்ணையும் இணைக்கும் பட்டியல் இருக்க வேண்டும். பெயரை அடியோடு நீக்கிவிடுவோம் என்பது பாதுகாப்பாகத் தோன்றும். அப்படி நீக்கினால் எந்தக் குழாய் அம்மாவுடையது என்று யாருக்கும் தெரியாது, அழிக்கவும் முடியாது. பட்டியல் யாரிடம், எத்தனை ஆண்டு இருக்கும் என்று கேளுங்கள். ஏற்கெனவே வெளியான முடிவுகளிலிருந்து எதையும் திரும்பப் பெற இயலாது.

கையெழுத்திட்ட படிவத்தின் நகலை வாங்கி வையுங்கள். அதில் ஆய்வாளரின் எண் மட்டும் இருந்தால், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண்ணையும் தொலைபேசி எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். புகார் செய்ய வேண்டிய இடம் அதுதான்.