‘அடம் பிடித்தான்’ என்று எழுதினால் போதுமா? நடத்தைப் பதிவு: கேள்வி பதில்

கேள்வி (பென்னாகரம், இல்லப் பொறுப்பாளர்): மேடம், எங்கள் இல்லத்துப் பிள்ளைகளின் நடத்தையைப் பணியாளர்கள் குறித்துவைக்கும் நோட்டைத் திறந்தால் ‘அடம் பிடித்தான்’, ‘மூடு சரியில்லை’ என்றுதான் இருக்கிறது. எப்படி மாற்றுவது?

பதில்: அடம் என்பது பார்த்தவரின் தீர்ப்பு. நடந்தது இதுவாக இருக்கலாம்: “மதியம் 12.40. களித் தட்டை இரு கையாலும் தள்ளினான். தரையில் உட்கார்ந்தான். 4 நிமிடம் எழவில்லை.” குறிப்பைப் படித்த இன்னொருவரால் அதை நடித்துக் காட்ட முடியாவிட்டால் திரும்ப எழுதச் சொல்லுங்கள். பயிற்சியின் முதல் நாளுக்கு இது போதும்.

அடுத்து, கவனிக்க வேண்டிய நடத்தைக்கு எல்லை போடுங்கள். ‘தலையில் அடித்துக்கொள்வது: உள்ளங்கையோ முஷ்டியோ தலையில் படுவது. சொறிவது, முடி கோதுவது சேராது. 5 விநாடி நின்று மறுபடி அடித்தால் அடுத்த நிகழ்வு.’ இந்தக் கடைசி வரி இல்லையென்றால் ஒருவர் 3 என்பார், இன்னொருவர் 30 என்பார்.

கேள்வி (தேன்கனிக்கோட்டை): வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிற பிள்ளைகள். சொன்னதைத் தமிழாக்கி எழுதலாமா?

பதில்: காதில் விழுந்ததை அப்படியே எழுதுங்கள், பொருளைப் பக்கத்தில் தனியாக. ‘பேடா, பேடா’ என்று கத்தியவளை ‘இனிப்பு கேட்டாள்’ என்று எழுதினால் எல்லாம் தலைகீழ். கன்னடத்தில் அது ‘வேண்டாம்’. வேண்டாம் என்றவளுக்கு ஊட்டிக்கொண்டே இருந்தால், ‘காரணமில்லாமல் கையைக் கடித்தாள்’ என்று அடுத்த வரி வரும்.

கேள்வி (பாலக்கோடு): முன்பு, நடத்தை, பின்பு என்று மூன்று கட்டம் வைத்திருக்கிறோம். ‘பின்பு’ கட்டத்தில் எல்லோரும் ‘சரியாகிவிட்டது’ என்றே எழுதுகிறார்கள்.

பதில்: அங்கே வர வேண்டியது சுற்றியிருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பது. பிஸ்கட்டோ செல்போனோ கொடுத்து அடக்கியிருப்பார்கள். திட்டு விழும் என்று மறைப்பார்கள். கத்தினால் பிஸ்கட் வருகிறது என்ற விஷயம் அதோடு மறைந்துபோகும், கத்தல் ஏன் கூடுகிறது என்பதும் பிடிபடாது. ‘பிஸ்கட் கொடுத்தேன், 1 நிமிடத்தில் நின்றது’ என்று எழுதியவரைக் கண்டிக்கவே கூடாது. ‘முன்பு’ கட்டத்தில் ‘சும்மா கத்தினான்’ என்பதையும் ஏற்காதீர்கள். பக்கத்தில் யார், என்ன வேலை சொன்னார்கள், மிக்சி சத்தமா, கடைசியாக எப்போது சாப்பிட்டான்?

கேள்வி (அரூர்): எண்ணுவதா, நேரம் பார்ப்பதா?

பதில்: அடி, கடி, எறிதல் என்றால் எண்ணிக்கை, அழுகை என்றால் நேரம். எண்ணிக்கையோடு எவ்வளவு நேரம் பார்த்தோம் என்பதும் வேண்டும். 2 மணி நேரத்தில் 6 தடவை என்றால் மணிக்கு 3. 6 மணி நேரத்தில் 6 என்றால் மணிக்கு 1. எழுதச் சிரமப்படுகிறவர் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புளியங்கொட்டையை இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்றலாம். (கண்டதை வாயில் போடும் பிள்ளைகள் இருந்தால் வேண்டாம், மணிக்கட்டில் பிளாஸ்டர் ஒட்டிக் கோடு போடட்டும்.)

கேள்வி (ஓசூர், பகல்நேர மையம்): ஒரே 5 நிமிட வீடியோவைப் போட்டு அடிகளை எண்ணச் சொன்னதில் பணியாளர் ஒருவர் 8, இன்னொருவர் 10 எண்ணினார். 80 சதவீதம் ஒத்துப்போகிறது. தேறிவிட்டார்களா?

பதில்: 80 பொதுவாக ஏற்கும் அளவுதான். ஆனால் நிமிடவாரியாகப் பாருங்கள். முதலாமவர் 2, 0, 3, 1, 2. அடுத்தவர் 0, 3, 3, 2, 2 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நிமிடத்துக்கும் சிறியதைப் பெரியதால் வகுத்தால் 0, 0, 100, 50, 100. சராசரி 50 தான்! இரண்டு பேரும் வேறு வேறு அடிகளை எண்ணியிருக்கிறார்கள். வீடியோவை நிறுத்தி நிறுத்தி எல்லை வரியோடு ஒப்பிடுங்கள். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கும்படி உட்கார வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை இதே சோதனை வேண்டும். பழகப் பழக லேசான அடி கண்ணில் படாமல் போகும்.

கேள்வி (காரிமங்கலம்): இரவுப் பணியாளர் விடிந்ததும் மொத்தமாக எழுதுகிறார். தப்பானால் ஒயிட்னர் பூசுகிறார்.

பதில்: நடந்த சில நிமிடங்களுக்குள் நேரமும் ஒரு வரியும் துண்டுச் சீட்டில் குறித்தாக வேண்டும். விடுபட்டதைக் காலையில் எழுதினால் ‘தாமதப் பதிவு’ என்று மேலே போடட்டும். ஒயிட்னரைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். தப்பானதன் மேல் ஒரே கோடு, பக்கத்தில் சரியானது, சுருக்கொப்பம், நேரம்.