கொல்லைப்புறத்து வேதாளம்

கும்பகோணம் வாசகி: குழந்தைகளுக்கென்று எடுத்த பழைய டிவி தொடர்களில், உங்களை நிஜமாகவே பயமுறுத்திய பாத்திரம் உண்டா?

உண்டு. ராமானந்த் சாகர் குழுவினர் எடுத்து 1985-இல் தூர்தர்ஷனில் வந்த ‘விக்ரம் அவுர் பேத்தாள்’ தொடரின் வேதாளம். வேதாளமாக நடித்தவர் சஜ்ஜன் என்ற மூத்த இந்தி நடிகர். விக்கிரமாதித்தன், அருண் கோவில். நான் பார்த்தது மறு ஒளிபரப்பில். அதற்குள் அருண் கோவில் ‘ராமாயண’த்தில் ராமராகவே எங்களுக்குப் பழகிவிட்டிருந்தார். ராமராலேயே முதுகிலிருந்து இறக்கிவிட முடியாத பேய் என்றால் நான் எம்மாத்திரம் என்றுதான் அன்று தோன்றியது.

திருவையாறு பக்கம், குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். தெருவுக்கே ஒரு டிவிதான். கூடத்தில் பத்தாயத்தை ஒட்டி உட்கார்ந்து பார்ப்போம். அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. விஷயமே அதுதான். இந்தி தெரிந்த பிள்ளைக்கு அந்த வேதாளம், ராஜாவின் தோளில் சவாரி செய்துகொண்டே கதை சொல்லும் கிழவர். எங்களுக்கோ நீண்ட வெள்ளைத் தலைமுடி, அந்தச் சிரிப்பு, காதருகே ஓயாத பேச்சு. ராஜா கடைசியில் வாயைத் திறந்து ஏதோ சொன்னதும் அது சிரித்துக்கொண்டே பறந்து போகும். ஏன் போகிறது, ராஜா என்ன தப்பு செய்தார் என்று எதுவும் புரியாது. கதையை எடுத்துவிட்டால் மிச்சம் பேய்தான்.

‘அம்புலிமாமா’வில் ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தனை, கையில் வாளும் தோளில் பிணமுமாக நடப்பவனை, நான் ஏற்கெனவே அறிவேன். அந்தப் படம் என்னை ஒன்றும் செய்ததில்லை. அது அசையாது, கூடவே எல்லாம் தமிழில் எழுதியிருக்கும்.

நம் ஊர் வழக்கில் வேதாளம் ஏறுவது முருங்கை மரம். எங்கள் கொல்லையில் கிணற்றடியில் ஒரு முருங்கை நின்றது. கக்கூஸ் அதைத் தாண்டித்தான். இரவில் அடக்கிக்கொண்டு விடியும்வரை படுத்திருப்பேன். நான்காம் நாள் அப்பாயி கண்டுபிடித்துவிட்டார். திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், முருங்கை மரத்தடியில் துவைக்கிற கல்லில் உட்கார வைத்தார்.

“ஒரு பொண்ணு. மூணு பேரு அவளக் கட்டிக்க வந்தாங்க. அதுக்குள்ள அவ செத்துப்போயிட்டா. ஒருத்தன் அவ சாம்பல் மேலயே படுத்துக் கெடந்தான். ஒருத்தன் எலும்பக் கங்கைக்குக் கொண்டுபோனான். இன்னொருத்தன் ஊர் ஊராச் சுத்தி மந்திரம் கத்துக்கிட்டு வந்து அவள எழுப்பிட்டான். இப்ப அவ யாருக்குப் பொண்டாட்டி, சொல்லு?”

உயிர் கொடுத்தவனுக்கு என்றேன். “உசுரு குடுத்தவன் அப்பன். எலும்பு கொண்டுபோனவன் புள்ள. சாம்பல்ல படுத்தவன்தான் புருசன்” என்றார். பிறகு விளக்கைத் தூக்கி மரத்தைக் காட்டினார். “இதத்தான்டி அது ராஜாகிட்ட கேக்குது.”

காஷ்மீரத்துச் சோமதேவர் 11-ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘கதாசரித்சாகர’த்தில் இந்தக் கதை இருப்பதைக் கல்லூரியில்தான் அறிந்தேன். எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயிக்கு அது யார் வாய்வழியாக வந்ததோ! அடுத்த ஞாயிறு டிவி முன் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். சொல் ஒன்றும் புரியவில்லை. ஆனால் அது கேள்வி கேட்கிற இடம் எனக்குத் தெரிந்துவிட்டது.

மன்னார்குடி வாசகர்: தூர்தர்ஷன் தொடக்க இசையைக் கேட்டால் எனக்கு இன்றும் வயிற்றில் ஏதோ செய்கிறது. இது வினோதமா?

இல்லை. சின்ன வயதில் அதைக் கேட்ட பலர் என்னிடம் இதையே சொல்லியிருக்கிறார்கள். அந்த இசையோடு திரையில் வந்த தூர்தர்ஷன் சின்னத்தை வடிவமைத்தவர் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் படித்த தேவாஷிஸ் பட்டாச்சார்யா. இசை பண்டிட் ரவிசங்கருடையது. அருமையான இசை. ஆனால் அந்தச் சின்னம் சுழன்று சுழன்று வந்து ஒரு கண்ணாக நிற்குமே! முகம் இல்லாத கண்ணைக் குழந்தை வேறெப்படி எடுத்துக்கொள்ளும்?

நாகப்பட்டினம் வாசகி: வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

நன்றாகவே. பிரிட்டனில் பிபிசி 1979-இல் தொடங்கிய ‘ஜிக்சா’ என்ற சிறுவர் நிகழ்ச்சியில் ‘நோசிபாங்க்’ என்றொரு பாத்திரம். வெள்ளை முகமூடி, நீண்ட மூக்கு, மாறாத சிரிப்பு, பேச்சே கிடையாது. அட்ரியன் ஹெட்லி என்ற மைம் கலைஞர் பிள்ளைகளைச் சிரிக்கவைக்கத்தான் அப்படி வந்தார். அதைப் பார்த்து வளர்ந்த பலருக்கு நினைவில் நிற்பது பயம்தான்.

ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970-இல் இதைப் பற்றி எழுதினார். மனித உருவத்தை நெருங்கி, ஆனால் முழுதும் எட்டாமல் நிற்கிற பொம்மை நம்மைக் கூச வைக்கிறது, அது அசைந்தால் கூச்சம் இன்னும் கூடுகிறது என்பது அவர் கருத்து. நம் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை நாள் முழுக்க ஆடினாலும் எந்தப் பிள்ளையும் அலறுவதில்லை. தான் பொம்மை என்பதை அது மறைப்பதே இல்லை என்பதால்தான் என்று நினைக்கிறேன்.

திருத்துறைப்பூண்டி வாசகர்: ஐந்து வயதுப் பேரன், போனில் ஏதோ பழைய பொம்மைப் படம் பார்த்துவிட்டுத் தனியாகத் தூங்க மறுக்கிறான். வீட்டில் எல்லோரும் கேலி செய்கிறார்கள். என்ன செய்யலாம்?

முதலில் கேலியை நிறுத்தச் சொல்லுங்கள் ஐயா. இன்றைக்கே சொல்லுங்கள். அவன் கண்டது அவனுக்கு நிஜம். “அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்றால், பயத்தோடு தனிமையும் சேர்ந்துகொள்ளும். இனி உங்களிடம் சொல்லவும் மாட்டான்.

பகலில், அவன் சம்மதித்தால் மட்டும், அந்தப் படத்தைச் சத்தத்தை அடக்கிவிட்டு மடியில் உட்கார வைத்துப் பாருங்கள். அது என்ன மொழி, அந்தப் பொம்மை என்ன சொல்கிறது என்று விசாரித்துத் தமிழில் சொல்லுங்கள். பொம்மைக்குள் யார் கை இருக்கிறது என்பதைக் காட்ட, ஒரு பழைய காலுறையில் இரண்டு பொத்தானைத் தைத்து அவன் கையிலேயே மாட்டிவிடுங்கள். இரவில் சில நாள் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். காலுறைப் பொம்மை உங்களிடம் முதலில் என்ன பேசியது என்று எனக்கு எழுதுங்கள்.