டொக்டரிடம் கேளுங்கள்: வருத்தத்துக்குள் ஒரு வருத்தம்

கேள்வி: டொக்டர் ஐயாவுக்கு வணக்கம். என் கணவருக்கு 54 வயது. பதினொரு வருடமாகச் சீனி வருத்தம், பிரஷரும் இருக்கிறது. புறக்கோட்டையில் ஒரே துணிக்கடையில் 26 வருடம் கணக்கு எழுதினார். போன வருடம் கடையை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஆளே மாறிவிட்டார். காலையில் காலிமுகத்திடலில் நடக்கிற பழக்கத்தை விட்டுவிட்டார். பகல் முழுவதும் கதிரையில் இருந்தபடி சீனி போட்ட தேநீர் ஐந்தாறு தடவை கேட்கிறார். இரவில் பசியில்லை என்று சாப்பிடாமலே மெட்போர்மினையும் கிளிக்லசைட்டையும் போட்டுக்கொண்டு படுக்கிறார். இரண்டு மணிக்கு நெஞ்சு படபடத்து, உடம்பெல்லாம் வியர்த்து எழும்பி இருக்கிறார். மூன்று தடவை ஈசிஜி எடுத்தோம். ஒன்றும் இல்லை என்றார்கள். மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டுகிற எச்பிஏ1சி 7.4 ஆக இருந்தது, இப்போது 9.8. கிளினிக்கில் ஏச்சு வாங்கியதால் கொப்பியை எடுத்துக்கொண்டு அங்கே போகவே மறுக்கிறார். யோசனையால் சீனி ஏறியதா, சீனி ஏறியதால் இந்த யோசனையா? மனநல வைத்தியரிடம் காட்டச் சொல்கிறான் என் தம்பி. மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறோம். அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று கதை பரவினால் என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், கொட்டாஞ்சேனை

பதில்: தங்கச்சி, முதலில் அந்த இரண்டு மணியைப் பார்ப்போம். மற்றவை பொறுக்கும், இது பொறுக்காது.

கிளிக்லசைட் சாப்பாட்டோடு போட வேண்டிய குளிசை. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்துவிடும். இரத்தத்தில் சீனி 70க்குக் கீழே இறங்கினால் உடம்பு பயந்து அட்ரினலினைக் கொட்டுகிறது. நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், கை நடுங்கும், காரணமில்லாத பயம் வரும். மனப்பதற்றம் வந்தாலும் இவையேதான் வரும். முகத்தைப் பார்த்து எது என்று நானும் சொல்ல முடியாது. குளுக்கோமீட்டர் சொல்லும். கட்டிலுக்குப் பக்கத்தில் அதை வைத்திருங்கள். அவர் எழும்பியவுடன் விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடியும் பார்த்து, பிறகு இரண்டு துண்டுப் பாண் சாப்பிட வையுங்கள். மீட்டர் கைக்கு எட்டாவிட்டால் சோதிக்கக் காத்திராமல் சீனித்தண்ணீரைக் கொடுங்கள். நாளைக்கே வைத்தியரிடம் இதைச் சொல்லி இரவுக் குளிசை பற்றிக் கேளுங்கள். அதுவரை, கொஞ்சமாவது சாப்பிடாமல் கிளிக்லசைட்டைப் போட விடாதீர்கள்.

இன்னொன்று. படுத்திருக்கும்போது எடுக்கிற ஈசிஜி அந்த நேரத்து இதயத்தைத்தான் காட்டும். 54 வயது, சீனி, பிரஷர் என்றால் ஓட வைத்து எடுக்கிற ஈசிஜி தேவையா என்று கேட்பது நல்லது. நெஞ்சில் பாரம் வைத்தது போல அழுத்தமோ மூச்சுத் திணறலோ வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள்; அம்புலன்ஸுக்கு 1990ஐ அழையுங்கள்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். யோசனையா, சீனியா? இரண்டும்தான். ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கிறது. மனம் நெருக்கப்படும்போது கோர்ட்டிசோலும் அட்ரினலினும் கூடுகின்றன. ஈரல் தன் சேமிப்பில் இருக்கிற சீனியை இரத்தத்தில் விடுகிறது. இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்பதில்லை. அதைவிடப் பெரிய வேலையைச் சோர்வு ஓசையில்லாமல் செய்துவிடுகிறது. நடையை நிறுத்துகிறது, இரவுச் சாப்பாட்டை நிறுத்துகிறது, கிளினிக்கை நிறுத்துகிறது. மறுபக்கம், பதினொரு வருடமாக ஒவ்வொரு கோப்பைத் தேநீருக்கும் கணக்குப் பார்க்கிறவருடைய மனம் களைத்துப்போவதும் இயல்பு. நீரிழிவு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில் இலங்கையும் இருந்தது. முதல் மாரடைப்புக்கான ஒன்பது காரணிகளில் புகைத்தல், இரத்த அழுத்தம், நீரிழிவு இவற்றோடு மன நெருக்கடியையும் அது சேர்த்தது. ஆகவே உங்கள் கணவர் சோம்பேறி இல்லை, பிடிவாதக்காரரும் இல்லை. அவரை ஏசியவர் இதை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

நானும் ஏசியவன்தான். 1990களின் நடுப்பகுதி. வெள்ளவத்தையில் எனக்கு ஒரு சிறிய டிஸ்பென்சரி இருந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, லொட்ஜ் ஒன்றில் தங்கி, வெளிநாட்டு விசாவுக்காகக் காத்திருந்த ஓர் அம்மா மாதாமாதம் வருவார். ஒவ்வொரு தடவையும் சீனி கூடியிருக்கும். நான் இரண்டு முறை அளவைக் கூட்டினேன். மூன்றாம் முறை, “சோற்றைக் குறைக்காமல் என்னிடம் ஏன் வருகிறீர்கள்?” என்று குரலை உயர்த்தினேன். அவர் ஒன்றும் பேசாமல் கைப்பையைத் திறந்து ஒரு கைக்குட்டை முடிச்சை மேசையில் வைத்தார். அவிழ்த்தால், நான் கொடுத்த மருந்துக் காகித உறைகள் அத்தனையும். மேலே ‘காலை 1, இரவு 1’ என்று என் கையெழுத்து. வாயில் அடித்த ஸ்டேப்பிள் கம்பி ஓர் உறையில்கூடக் கழற்றப்படவில்லை. “யாருக்காகப் போட வேண்டும், டொக்டர்?” என்றார். இடம்பெயர்ந்து போகிற வழியில் அவருடைய கணவர் இறந்திருந்தார். மூன்று மாதமாக என் முன்னால் இருந்தவரிடம் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டிருக்கவில்லை.

கூட்டிய அளவைப் பழையபடி குறைத்தேன். தினமும் மாலையில் வந்து, என்னோடு வேலை செய்த மருந்துக்கார அக்காவுக்கு முன்னால் குளிசையைப் போட்டுவிட்டுப் போகச் சொன்னேன். அக்கா அவரை இருத்திவைத்துக் கதைப்பார். சில நாட்கள் நானும் இருந்து கேட்டேன். இரண்டு மாதத்தில் சீனி இறங்கத் தொடங்கியது. புதிய மருந்து எதுவும் நான் எழுதவில்லை.

நம் பேச்சில் உடம்பு நோயும் ‘வருத்தம்’, மனத்துயரமும் ‘வருத்தம்’. எங்கள் முன்னோர் இரண்டுக்கும் ஒரு சொல்லை வைத்தார்கள். நாங்கள் ஒன்றுக்கு மட்டும் கிளினிக் கொப்பி போடுகிறோம்.

உங்கள் கணவரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். கடந்த இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாட்கள் மனம் பாரமாக, நம்பிக்கை இல்லாமல் இருந்ததா? முன்பு விரும்பிச் செய்த காரியங்களில் நாட்டம் இல்லாமல் போனதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். உயிரை வெறுத்துப் பேசினால் அன்றைக்கே சொல்ல வேண்டும். அப்படி எண்ணம் இருக்கிறதா என்று அவரிடம் நேரடியாகக் கேட்க அஞ்சாதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. 1926 என்ற மனநல உதவி இலக்கம் இரவும் பகலும் இயங்குகிறது. தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

அங்கொடையைப் பற்றி: அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, ஆனால் அவர் அங்கேதான் போக வேண்டும் என்றும் இல்லை. பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில், சீனிக் கிளினிக் நடக்கிற அதே வளவுக்குள், மனநலக் கிளினிக்கும் இலவசமாக நடக்கிறது. சீனிக்காரருக்கு வருகிற காலெரிவுக்கு இரவில் தருகிற அமிட்ரிப்டிலின் 1960களின் தொடக்கத்தில் மனச்சோர்வு மருந்தாக வந்ததுதான். எத்தனையோ வீடுகளில் அதைக் கால் மருந்து என்று கூசாமல் வைத்திருக்கிறார்கள். மனத்துக்கான மருந்து தந்தால், குணம் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சில வேளை அதற்கு மேலும் ஆகும். இடையில் திடீரென்று நிறுத்தக் கூடாது. சில மருந்துகள் எடையைக் கூட்டும். ஆகவே சீனி இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால், அப்பா கிளினிக்குக்குப் போகிறார் என்று சொல்லுங்கள். அது உண்மை.

கேள்வி: எனக்கு வயது 38. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் போடுகிறேன். மனதை அடக்கித் தியானம் செய்தால் வருத்தம் தானாகப் போகும், மருந்தை விடு என்கிறார் மாமி. விடலாமா?
– வாசகி, தெஹிவளை

பதில்: விடாதீர்கள். மாமி அன்பில்தான் சொல்கிறார், ஆனால் மூட்டு தேய்ந்துபோனால் தியானம் அதைத் திருப்பித் தராது. மருந்தை வாரத்துக்கு ஒரு நாள், சொன்ன நாளில் மட்டும் போடுங்கள். தினமும் போட்டால் ஆபத்து. தியானம் செய்யுங்கள், நித்திரை நன்றாக வந்தால் வலியின் கடுமை குறையும். உடம்பில் அழற்சி கூடும் நாட்களில் மனமும் சோர்வது உங்கள் பலவீனம் இல்லை. காய்ச்சல் வந்தால் ஒன்றிலும் மனம் ஒட்டாமல் படுக்கத் தோன்றுகிறதே, அழற்சியின் இரசாயனங்கள் மூளையில் செய்கிற அதே வேலைதான் இது.

கேள்வி: 12 வருடமாக மெட்போர்மின். நான் சைவம். களைப்பு, கால் விறைப்பு, ஒன்றிலும் மனமில்லை. மனச்சோர்வா?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: இருக்கலாம். ஆனால் முதலில் இரத்தத்தில் விட்டமின் பி12, தைரொயிட், ஹீமோகுளோபின் மூன்றையும் பாருங்கள். நீண்ட காலம் மெட்போர்மின் போடுகிறவர்களுக்கு பி12 குறையலாம். சைவ உணவும் சேர்ந்தால் இன்னும் குறையும். குறைந்திருந்தால் ஊசியாலோ குளிசையாலோ நிரப்பலாம். மூன்றும் சரியாக இருந்தால், மேலே கேட்ட இரண்டு கேள்விகளையும் உங்களிடம் நீங்களே கேட்டு, விடையை எனக்கு எழுதுங்கள்.